ஊசிக்கு ஒரு நாள் லீவு

அன்று என் தையல் கடையில் இருந்தது நான்கே பேர். மிஷினில் நான். கட்டிங் மேசையில், எனக்கு உதவியாக இருக்கும் சாந்தி. ப்ளவுஸ் போட்டுப் பார்க்க வந்த யூகோ. நாற்காலியில், பந்திங் ஊரிலிருந்து துணி மூட்டையோடு வந்த பத்மா ஆன்டி.

கல் வைத்த பார்டர் ஒன்றில் மிஷின் ஊசி ‘டக்’கென்று முறிந்தது. முறிந்த துண்டு கையில் கிடைக்கும்வரை எனக்கு மூச்சு வராது. யார் முதுகிலாவது குத்திவிட்டால்? கேஸ் போட்டால்? கிள்ளான் ஊர் முழுக்க என் பேர் நாறினால்? ஒருவழியாகத் தேடி எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடப் போனேன். யூகோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, ஜாஙான்! தூக்கிப் போடாதீங்க!”

யூகோ ஜப்பான்காரர். கணவருக்கு ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை. பேசுவது பாதி மலாய், பாதி ஆங்கிலம். ‘அக்கா’ மட்டும் சுத்தத் தமிழ். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட மட்டும் எழுதுகிறேன்.

அவர் ஊர்ப்பக்கம் பிப்ரவரி எட்டாம் தேதி ஊசிக்கு நன்றி சொல்லும் நாளாம். குளிர் இன்னும் போயிருக்காது. தையல்காரர்கள் வருடம் முழுக்க உடைந்த, வளைந்த ஊசிகளைச் சேர்த்து வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே பெரிய தோஃபு, அதாவது சோயாப் பால்கட்டி, இருக்கும். அதில் ஒவ்வொன்றாகக் குத்தி வைத்துக் கும்பிடுவார்கள். அன்று யாரும் ஊசியைத் தொடுவதில்லை.

“தோஃபு எதுக்கு?” என்றாள் சாந்தி.

“வாழ்க்கை முழுக்க கெட்டித் துணியில குத்துச்சு. கடைசியில மெத்துன்னு ஒரு இடம் வேணாமா?”

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

நாமும் ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைக்கிறோம். ஆனால் எதற்கு வைக்கிறோம்? நாளைக்கும் ஓடி உழைக்கப் போகிற மிஷினுக்கு! உடைந்து போனதை யார் கும்பிட்டார்கள்? உழைக்கும்வரை பொட்டு, உடைந்தால் தொட்டி... ஊசிக்கு மட்டுமா இந்தக் கதை?

“வர்ற எட்டாம் தேதி கடை லீவு” என்றேன். என் வாயா பேசியது?

பத்மா ஆன்டி நிமிர்ந்தார். “எட்டாந்தேதியா? என்ன லா விளையாடுறீங்க? அன்னிக்குத்தான் துணியில கத்திரி வைக்க நல்ல நாள். ஜோசியர்கிட்ட கேட்டுட்டுத்தானே வந்திருக்கேன். யாரு செத்தா, கடைய மூட?”

“ஊசி, ஆன்டி” என்றாள் சாந்தி.

ஆன்டி வீட்டில் கல்யாணம். பெண்ணிலிருந்து தோழிகள் வரை அத்தனை ப்ளவுஸும் ஆன்டியின் ஆர்டர். இந்தச் சீசனில் எங்களுக்கு அதைவிடப் பெரிய ஆர்டர் கிடையாது. மூட்டையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: “ஒங்களப் பத்தித் தெரியாதா? பயந்த ஆளு. எட்டாந்தேதி காலைல வரேன், கதவு தெறந்திருக்கும்.”

நான் பயந்தவள்தான். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு மிஷினில் உட்கார்ந்த நாளிலிருந்து, எந்த வாடிக்கையாளரிடமும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. காய்ச்சலோடு தைத்திருக்கிறேன். கை மரத்துப்போய்த் தைத்திருக்கிறேன். அந்த வாரம் தூக்கமே இல்லை. ஆர்டர் போய்விட்டால் சாந்திக்கு என்ன சொல்வது? கோயில் ஐயர் ‘இதென்ன புதுப் பூஜை’ என்று கேட்டால்? தோஃபு கெட்டு நாறினால்?

எட்டாம் தேதியும் வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு நான், சாந்தி, யூகோ மூவரும் உள்ளே உட்கார்ந்தோம். பாசாரில் வாங்கிய தோஃபு, வாழையிலையில். அன்று முறிந்தது, டப்பாக்களில் தேடி எடுத்த வளைந்தது என்று ஒவ்வோர் ஊசியாகக் குத்தினோம். சாந்தி ஓர் ஊசியைக் குத்தும்போது மட்டும் முணுமுணுத்தாள்: “நீ என் விரல்ல ஏறுனவதானே... போ, மன்னிச்சிட்டேன்.”

அப்போதுதான் ஷட்டர் அதிர்ந்தது.

“தெறங்க லா! உள்ளதான் இருக்கீங்க, செருப்பெல்லாம் வெளிய கிடக்கு!”

இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, குனிந்து எட்டிப் பார்த்தேன். ஆன்டி, மூட்டையோடு.

“தைக்க வேணாம். ஒரே ஒரு துணியில கத்திரி வைங்க, போதும். வெட்டுறதுக்கு ஊசி எதுக்கு?”

நியாயமான கேள்வி. யூகோவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். அவர் ஊரில் யாரும் அப்படிக் கேட்டதில்லை போல!

“கத்திரிக்கும் லீவு, ஆன்டி.”

“அப்ப நான் வேற கடைக்குப் போறேன்.”

ஷட்டரை விடாமல் பிடித்துக்கொண்டேன். “போங்க ஆன்டி. நாளைக்கு வந்தா நல்லபடியா தைச்சுத் தரேன். இன்னைக்கு முடியாது.”

போய்விட்டார்.

குப்பை அள்ளுகிறவர் கையில் குத்திவிடுமோ என்ற பயத்தில், தோஃபுவை ஊசிகளோடு பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். டேப் மேல் டேப். சாந்தி சிரித்தாள், சிரிக்கட்டும்.

இதை எழுதும்வரை ஆன்டி திரும்பவில்லை. வேறு கடையில் கொடுத்துவிட்டாராம். சாந்தியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “போனா போவுது க்கா. எனக்கு வெவரம் தெரிஞ்சு, நீங்க கதவ மூடினது இதுதான் மொதத் தடவ” என்றாள்.

அடுத்த பிப்ரவரி எட்டாம் தேதியும் கடை லீவு. ஜோசியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்!