ராஜலக்ஷ்மி செய்த சிம்மாசனம்

ராஜலக்ஷ்மி தச்சு வேலையில் இறங்கியதற்கு மரவேலை செய்யும் மிஸ்திரிதான் காரணம். தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் அவள் குடியிருந்த அரசாங்க வீட்டில் ஒரு கதவின் கீல் கழன்று தொங்கியது. "கல் பக்கா, பெஹன்ஜி" என்று, நாளைக்கே வருவதாகச் சத்தியம் செய்துவிட்டுப் போன மிஸ்திரி, ஹோலி வந்து போன பிறகும் தலைகாட்டவில்லை. ஒருநாள் அவளே தீக்குச்சிகளை உடைத்து, பெரிதாகிப்போன திருகாணித் துளைக்குள் செருகி, ஆணியைத் திருகினாள். கதவு கெட்டியாக நின்றது. அன்று முழுவதும் காரணமில்லாமல் அதைத் திறந்து திறந்து மூடினாள்.

அதன்பின் வீட்டில் எந்தச் சாமானுக்கும் நிம்மதி இல்லை. சின்ன ஆணியைச் சீப்பின் பல்லிடுக்கில் நிறுத்தி அடித்தால் விரல் நசுங்காது. ஆகவே அவள் கணவர் ராஜகோபாலன் பொக்கைச் சீப்பால் தலைவாரிக்கொண்டு ஆபீஸ் போனார். திருகாணியைச் சோப்பில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆகவே குளியல் சோப்பெங்கும் உழுத வயல் போலக் கோடுகள். பசை போட்ட பலகைகளின்மேல் அம்மிக்கல் ஏறி உட்கார்ந்த நாட்களில் சட்னி கிடையாது.

ஆனாலும் அவளுடைய பெரிய கண்டுபிடிப்பு சைக்கிள் ட்யூப். நாடா நாடாவாக வெட்டி, பசை தடவிய மூட்டைச் சுற்றி இழுத்துக் கட்டிவிட்டால் பலகையை இறுக்கும் இரும்புப் பிடியெல்லாம் அதன்முன் நிற்காது.

"ஏன்னா, உங்க சைக்கிள்ல..."

"அதைத் தொடாதே. அதுல காத்து இருக்கு. நான் ஆபீஸ் போகணும்."

பஞ்சர் கடைக்காரரிடம் பழைய ட்யூப்களை அள்ளி வந்தாள்.

எழுபத்தெட்டு ஜனவரியில் கரோல்பாக் தமிழ் நாடகக் குழுவின் காரியதரிசி பட்டாபி மூச்சிரைக்க ஓடிவந்தார். நாடகத்துக்குப் பேசி வைத்திருந்த சிம்மாசனத்தை, பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கூடாரக் கடைக்காரன் ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டானாம்.

"மாமி, நீங்கதான் காப்பாத்தணும். ஞாயித்துக்கிழமை நாடகம். நல்லசிவம்தான் ராஜா. அவரை ஸ்டூல்ல உட்கார வச்சா ஸ்டூலும் போயிடும், ராஜ்ஜியமும் போயிடும்."

யாரும் அவளிடம் இவ்வளவு பெரிய வேலையை நம்பிக் கொடுத்ததில்லை. கணவரின் ஆபீஸில் டைப்ரைட்டர் வந்திறங்கிய மரப்பெட்டிகளைப் பிரித்தாள், அறுத்தாள், ஒட்டினாள், ட்யூபால் வரிந்து கட்டினாள். காய்கறிக் கத்தியால் கைப்பிடியில் இரண்டு சிங்கத்தலை செதுக்கினாள்.

"பூனை மாதிரின்னா இருக்கு?" என்றார் ராஜகோபாலன்.

"சிங்கத்தை யார் பக்கத்துல போய்ப் பார்த்திருக்கா?"

தங்க நிறப் பெயிண்ட் அடித்து முடித்தாள். அங்கேதான் தில்லிக் குளிர் காலை வாரியது. மூடுபனி விலகவில்லை, வெயில் எட்டிப் பார்க்கவில்லை, பெயிண்ட் காயவில்லை. கணப்புச் சட்டியைப் பக்கத்தில் வைத்தாள். நெருப்பு பற்றிக்கொள்ளும் என்று கணவர் அலறவே எடுத்துவிட்டாள். ஞாயிறு காலையிலும் விரல் ஒட்டியது. கடைசியில் முகப் பவுடர் டப்பாவைத் திறந்து சிம்மாசனம் முழுக்கத் தூவி, துணியால் ஒற்றி எடுத்தாள். தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலவே இருந்தது.

நாடகம் சோகக் கதை. மகனை நாடு கடத்தும் ராஜா ஆவேசத்தோடு எழவேண்டும். நல்லசிவம் எழுந்தார். சிம்மாசனமும் எழுந்தது. திடுக்கிட்டு உட்கார்ந்தார். மேடை அதிர்ந்தது. முன்வரிசையில் ராஜலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கவலை ராஜாவைப் பற்றியதல்ல, சிம்மாசனத்தின் மூட்டுகளைப் பற்றியது.

மறுபடி எழுந்தார். மறுபடி கூடவே வந்தது. மந்திரி வேடத்தில் இருந்த பட்டாபி சமாளிக்க நினைத்து, சிம்மாசனத்தின் காலைப் பிடித்து இழுத்தார். ராஜாவும் சேர்ந்து பின்னால் வந்தார். சபையில் அடக்கிய சிரிப்பு அங்கங்கே வெடித்தது.

நல்லசிவம் நிதானமாக மீசையை நீவினார். "மந்திரி! பதவியைத் துறக்க நான் தயார். இந்தப் பதவிதான் என்னைத் துறக்க மாட்டேன் என்கிறது!"

விசில் பறந்தது. சிம்மாசனத்தை முதுகில் சுமந்த ஆமை போல ராஜா குனிந்தபடி உள்ளே போனார். திரைக்குப் பின்னால் துணி கிழியும் சத்தம் வெளிவரை கேட்டது.

எல்லோரும் கலைந்தபின் ராஜலக்ஷ்மி மேடைக்குப் பின்னால் போனாள். ராஜாவின் பட்டுவேட்டியில் பாதி சிம்மாசனத்தில் இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கை தானாக மூட்டுகளைத் தடவிப் பார்த்தது. அத்தனை ஆட்டத்துக்கும் ஒன்றுகூட அசையவில்லை. சந்தோஷப்படலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நல்லசிவம் யாருடைய சால்வையையோ இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"மன்னிச்சுக்கணும். வேட்டிக்கு நான்..." என்று அவள் தடுமாறினாள்.

"வேட்டி கெடக்கட்டும்மா. ஆபீஸ்ல எனக்கு எத்தன நாற்காலி ஒடைஞ்சிருக்கு தெரியுமா? நான் பொத்துன்னு விழுந்தும் ஒடையாதது இது ஒண்ணுதான். வீட்டுக்கு இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தருவியளா?"

ராஜலக்ஷ்மி நிமிர்ந்தாள். "பண்ணித் தரேன். ஆனா ஜூன் மாசம்தான் பெயிண்ட் அடிப்பேன்."

"பெயிண்டே வேண்டாம்மா," என்றார் அவர் அவசரமாக. "அந்தப் பூனை மட்டும் இருக்கட்டும். நல்லாருக்கு."