சாவி போடும் போராட்டம்

நான் மகளிர் அணிச் செயலாளர் ஆனது எனக்கே தெரியாமல் நடந்தது. ஏற்காட்டில் பஸ் நிற்கும் இடம் ஒன்றுக்கு எதிரில் எங்கள் டீக்கடை இருக்கிறது. எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் சம்பந்தப்பட்டவர்கள் வருத்தப்படுவார்கள். அவர்களும் என் கடையில்தான் டீ குடிக்கிறார்கள். கட்சியின் பெயரும் வேண்டாம். சின்னக் கட்சி. மலையில் மொத்தம் பதினோரு பேர், எல்லோரும் ஆண்கள். என் கடையின் பின்பக்கத்து பெஞ்சுதான் அவர்களுடைய அலுவலகம். மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தில் மகளிர் அணி என்ற கட்டம் காலியாக இருந்திருக்கிறது. கிளைச் செயலாளர் டீயை உறிஞ்சிக்கொண்டே என் பெயரை எழுதிவிட்டார். நான் அப்போது போண்டாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் ஒரு அடையாள அட்டை வந்தது. புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம்.

கிளைச் செயலாளர் ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ரைட்டர் என்றுதான் கூப்பிடும். மனு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தெருவிளக்கு எரியாவிட்டால் போதும், ‘காரிருளில் மூழ்கிக் கண்ணீர் வடிக்கும் பொதுமக்கள்’ என்று ஆரம்பித்து நாலு பக்கம் எழுதுவார். பொருளாளர், அடுத்த கடைக்காரரான பாய். மளிகை, காய்கறி, ஆணி, கயிறு, பூட்டு, குடை என்று அவர் கடையில் இல்லாதது குறைவு.

அந்த வருஷம் தக்காளி விலை ஏறியபோது, விலைவாசி உயர்வைக் கண்டித்து ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். ரைட்டருக்குத் தக்காளி மாலை போட்டுக்கொள்ள ஆசை. தக்காளி பாய் கடையிலிருந்துதான் வர வேண்டும்.

“கோத்துப் போட்டுக்கிட்டு அப்புடியே திருப்பிக் குடுத்துருங்க. நசுக்கீராதீங்க,” என்றார் பாய்.

“கோத்தா ஓட்டையாயிருமேங்க,” என்றார் ரைட்டர்.

“அப்ப வலப்பையில போட்டுக் கழுத்துல மாட்டிக்கங்க.”

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. வலைப்பையில் தக்காளியைச் சுமந்துகொண்டு ரைட்டர் கையை உயர்த்தியிருக்க, அவர் தலைக்கு மேலே பாய் கடையின் விலைப்பலகை பளிச்சென்று தெரிந்தது. பாய் அதே படத்தில், அந்தப் பலகைக்கு அடியிலேயே நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த கூட்டத்தில்தான் நான் முதல்முறையாக வாயைத் திறந்தேன். எனக்கு ஒரு காரணம் இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டியிருந்தார்கள். ரோஸ் கலர் பெயின்ட், சேலை கட்டிய பெண்ணின் தலை வரைந்த பலகை, எல்லாம் இருந்தது. கட்டி முடித்த நாளிலிருந்து பூட்டும் இருந்தது. இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது அந்தப் பூட்டு. மாரமங்கலம் பக்கத்திலிருந்தும் கரடியூரிலிருந்தும் வரும் பெண்கள் மணிக்கணக்கில் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். ஓட்டல்களில் கேட்டால் முதலில் ஏதாவது சாப்பிடச் சொல்வார்கள். கரடியூரிலிருந்து மிளகும் பட்டர் ஃப்ரூட்டும் விற்க வரும் ஒரு பெண், என் கடைக்கு வாடிக்கை. நாற்பது வயதிருக்கும். ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

“ஏனுங்க அக்கா, ஒருக்கா ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு மசால்தோசை திங்க வேண்டியிருக்குதுங்க. எனக்கு மசால்தோசையே புடிக்காதுங்க.”

நான் சிரித்தேன். ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. என் கடையே வாடகைக் கடை, அதிலும் கழிப்பறை கிடையாது. மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்து கல்லாவில் உட்காரும்வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிற்பேன்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். ரைட்டர் அன்போடு கேட்டுக்கொண்டார். பிறகு, “அது நம்மூர்ச் சின்ன விசயமுங்க அம்மிணி. நாம இப்ப விலைவாசியில எறங்கியிருக்கறமுங்க. அத முடிச்சுட்டுப் பாப்பமுங்க,” என்றார்.

“ஒண்ணுக்குப் போக ஒரு மசால்தோசைன்னா அது விலைவாசி இல்லீங்களா?” என்று கேட்டேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் ஒரு அட்டையில் எழுதிக் கடை முன்னால் தொங்கவிட்டேன். டீ பன்னிரண்டு ரூபாய். கட்சிக்காரர்களுக்குப் பதினைந்து ரூபாய்.

முதலில் வந்தவர் ரைட்டர். அட்டையைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“என்னங்க அம்மிணி இது?”

“விலைவாசிங்க.”

“நமக்கு மட்டுமுங்களா?”

“ஆமாங்க. மத்தவங்க பாவமுங்க, அவங்களுக்காகப் பேச ஒரு கட்சியும் இல்ல.”

அன்றைக்குக் கட்சி இன்னொரு டீக்கடைக்குப் போனது. அங்கே டீ மோசமில்லை, ஆனால் குடித்து முடித்ததும் எழுந்திருக்கச் சொல்லிவிட்டார்கள். நாட்டு நிலைமையைப் பேசி முடிக்க இவர்களுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். ரைட்டர் கையில் ஒரு மனு. ‘ஏழை எளிய தொண்டர்களின் தொண்டையில் இடியென இறங்கியுள்ள தேநீர்க் கட்டண உயர்வு’ என்று ஆரம்பித்தது. இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வேண்டும் என்றார். என்னிடம் ஏது முத்திரை? டம்ளரின் அடியை டிகாஷனில் தோய்த்து, காகிதத்தின் மூலையில் வட்டமாக அழுத்திக் கொடுத்தேன். அவர் அதை ஊதிக் காயவைத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கோபமாகத்தான் இருந்தார், ஆனாலும் முறைப்படி நடந்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

என் பதிலும் எழுத்தில்தான் போனது. கழிப்பறை திறக்கும்வரை இதே விலை.

நாலு நாள் தாக்குப்பிடித்தார்கள். ஐந்தாம் நாள் ரைட்டரும் பாயும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார்கள். சாவி காண்டிராக்டரிடம் இருக்கிறது என்று பதில் வந்தது. காண்டிராக்டரைப் பிடித்தால், அலுவலகத்தில் அன்றைக்கே கொடுத்துவிட்டேனே என்றார். மறுபடி அலுவலகம் போனால், அதை வாங்கி வைத்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், எந்த மேஜையில் வைத்தார் என்று தெரியவில்லை என்றார்கள். யாரும் மறுக்கவில்லை, யாரும் கோபப்படவில்லை. சாவி மட்டும் இல்லை.

பெஞ்சில் எல்லோரும் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது நான் சொன்னேன். “அவங்ககிட்ட சாவி இல்லைன்னா போகுதுங்க. மலை பூராவும் சாவி இருக்குது. ஆளுக்கொரு சாவி கொண்டாந்து, வரிசையில நின்னு, அந்தப் பூட்டுல போட்டுப் பாப்பமுங்க. போராட்டம்னு பேரு வெச்சுட்டாப் போச்சு.”

ரைட்டருக்குப் பிடித்துவிட்டது. கண்ணே கலங்கிவிட்டது. “சாவி போடும் போராட்டமுங்க,” என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பாய் மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அது வேண்டாமுங்க அம்மிணி. தக்காளி வேணும்னா மறுபடியும் தரேனுங்க. இது வேண்டாம்.”

“ஏனுங்க பாய்? தொறக்கவா போகுது?”

“தொறக்காது, தொறக்காது,” என்று அவசரமாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். போலீஸுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போராட்டம். கூட்டம் சேரும் என்றுதான் அந்த நாள். நான் பஸ்ஸுக்கு வரும் பெண்களிடம் ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தேன். நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பெட்டிச் சாவி, பீரோ சாவி, பம்ப்செட் ரூம் சாவி, சைக்கிள் சாவி. சுற்றுலா வந்தவர்களும் வேடிக்கை பார்க்க நின்று, கடைசியில் வரிசையிலேயே சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் காட்டேஜ் அறைச் சாவியை, மரக்கட்டை தொங்கும் வளையத்தோடு நீட்டிக்கொண்டு நின்றார். ஒரு அம்மாள் கார் சாவியை வைத்துக்கொண்டு, இது உள்ளே போகுமா என்று கவலையோடு என்னிடம் விசாரித்தார்.

பாதுகாப்புக்கு ஒரு பெண் போலீஸை மட்டும் அனுப்பியிருந்தார்கள். சின்னப் பெண். காலை ஆறு மணிக்கே வந்து நின்றுவிட்டாள். டீ கொடுத்தேன், வேண்டாம் என்றாள். தண்ணீர் கொடுத்தேன், அதுவும் வேண்டாம் என்றாள். இரண்டாம் முறை அவள் வேண்டாம் என்று சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ரைட்டர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெண்ணாக வந்து சாவியைப் பூட்டில் வைத்து, திருகி, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் கூட்டம் சிரித்தது. பாய் ஓரமாக நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “இந்தப் பூட்டு இன்று திறக்காது, நாளை திறக்காது, மக்கள் கொதித்தெழும் நாள் வரை ஒருநாளும் திறக்காது,” என்று ரைட்டர் குரலை உயர்த்தினார். கரடியூர்க்காரி அப்போதுதான் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் கோழிக்கூட்டுச் சாவியை எடுத்தாள்.

சடக்கென்று ஒரு சத்தம். பூட்டு வாயைப் பிளந்துகொண்டு அவள் கையில் தொங்கியது.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. திறக்காது என்பதற்குத்தான் போராட்டமே. ரைட்டரின் பேச்சில் இன்னும் மூன்று பக்கம் பாக்கி. அவர் மைக்கைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். கரடியூர்க்காரி பயந்துபோய், “நான் ஒண்ணும் பண்ணலீங்க, சும்மாதான் திருகுனனுங்க,” என்றாள்.

பெண் போலீஸ் விறுவிறுவென்று வந்தாள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. கதவைத் தள்ளினாள். உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் உடைந்த நாற்காலிகளும் அடுக்கியிருந்தன. ஆனால் கோடியில் ஒரு அறை காலியாக இருந்தது.

“தண்ணி இருக்குதுங்களா?” என்று என்னைப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

நான் கடையிலிருந்து இரண்டு வாளி கொண்டுவந்து வைத்தேன். அவள் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அந்தத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வாசலில் காவல் நின்றது நான்தான். அவள் முகம் கழுவி வெளியே வந்தபோது அவளுக்குப் பின்னால் போவதற்கு நாற்பது பெண்களும் வரிசையில் தயாராக இருந்தார்கள், கார் சாவி அம்மாள் முதலாவதாக. ரைட்டரின் பேச்சைக் கேட்க ஆண்கள் மட்டும்தான் மிஞ்சினார்கள். அவர் முடித்துக்கொண்டார்.

மத்தியானம் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். எந்தச் சாவி திறந்தது என்று கேட்டார்.

“தெரியலீங்க. எல்லாரும் போட்டமுங்க,” என்றார்கள் பெண்கள்.

“மேடம், நீங்க பாத்தீங்களா?” என்று பெண் போலீஸிடம் கேட்டார்.

“நான் அப்ப கூட்டத்த ஒழுங்குபடுத்திக்கிட்டு இருந்தேன் சார்,” என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

திறந்த பூட்டைக் காட்டச் சொன்னார். பூட்டையும் காணோம். புகார் எழுதலாம்தான். எழுதினால் இத்தனை நாள் பூட்டியிருந்ததையும் அதே காகிதத்தில் எழுத வேண்டும். அவர் என் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் மூட்டைகளை எடுத்து, குழாயில் தண்ணீர் விட்டு, வாசலில் ரிப்பன் கட்டித் திறப்புவிழா நடத்தினார்கள். பெரிய கட்சிக்காரர் ஒருவர் கத்தரிக்கோலோடு வருவதற்குள், மாரமங்கலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பேர் ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டார்கள். எங்கள் கட்சிக்கு அழைப்பு இல்லை. ரைட்டர் ஒருநாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. நான் அட்டையைக் கழற்றிவிட்டு, பன்னிரண்டு ரூபாய் டீயைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்த பிறகுதான் கொஞ்சம் இளகினார்.

காணாமல் போன பூட்டு பாயின் பையில் இருந்தது. போராட்டத்துக்கு மறுநாள் காலையிலேயே வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, என்னிடம் மட்டும் சொன்னார்.

“நம்ம கடப் பூட்டுதானுங்க. மலிவாக் கெடைக்குதுன்னு ஒரு பெட்டி எறக்குனனுங்க. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி சாவி போட்டு அனுப்பியிருக்கறான். மூணு மாசம் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுதுங்க. அதுக்குள்ள பாதி மலைக்கு வித்துட்டனுங்க.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கோழிக்கூட்டுச் சாவி கழிப்பறையைத் திறந்த கதை பஸ்ஸோடு பஸ்ஸாக ஊர் ஊராகப் போனது. கேட்டவர்களெல்லாம் அவரவர் பூட்டில் பக்கத்து வீட்டுச் சாவியைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த வாரம் பாய் கடை வாசலில் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் நின்றார்கள். பாய் ஒருவரிடமும் வாதாடவில்லை. சேலத்திலிருந்து கனமான பூட்டுகளை வரவழைத்து, பழையதை வாங்கிக்கொண்டு புதியதைச் சும்மாவே கொடுத்தார். அந்த நஷ்டத்தைப் பற்றி இன்றுவரை அவர் பேசியதில்லை.

கரடியூர்க்காரி மட்டும் பூட்டை மாற்ற வரவில்லை. ஒருநாள் கூடையோடு கடைக்கு வந்தபோது, பாயே கூப்பிட்டுப் புதுப்பூட்டை நீட்டினார்.

“வேண்டாமுங்க பாய்,” என்றாள். “எங்கூட்டுக் கோழியத் திருட யாராச்சும் மலையேறி வந்தா வரட்டுமுங்க. அதுக எல்லாரையும் கொத்தற கோழிங்க.” பிறகு முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “இந்தச் சாவி எனக்கு நொம்ப ஒசத்திங்க,” என்றாள்.

பாய் பூட்டை உள்ளே வைத்துவிட்டார். அவள் எதிர்ப்பக்கம் போய்விட்டு வந்து, கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறினாள்.