எட்டாம் அத்தியாயமும் ஏகாம்பரமும்

பதிப்பாளர் ஏகாம்பரம் மறைந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் உடனே நம்பவில்லை. என் புத்தகங்களைத் தள்ளிப்போட அவர் சொல்லக்கூடிய காரணங்களில் இது ஒன்றுதான் பாக்கியிருந்தது. செங்கல்பட்டில் அவர் வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய கடிதங்களும் தெரியும். போனில் பேசமாட்டார். “பேசினதை நாளைக்கு ரெண்டு பேருமே மறுப்போம்” என்பார். என் கடைசி நாவலைப் படித்துவிட்டு எழுதினார்: “அம்மையீர், எட்டாம் அத்தியாயம் நன்று. ஆபத்து. கை வைக்காதீர்கள்.” கை வைக்கப்போவது அவர்தான் என்று எனக்குப் பட்டது. பதிப்பாளர் பாராட்டினால் கத்திரிக்கோலைத் தேடுகிறார் என்று பொருள்.

அந்த அத்தியாயத்தில், முட்டுக்காட்டுக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம், வேறு சாதியில் மணந்த பெண்ணின் குடும்பத்தை விலக்கிவைக்கிறது. நடந்த கதை. படூரில் குடியிருக்கும் அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “எதையும் மாத்தாம போடுவீங்களாக்கா?” வாக்குக் கொடுத்திருந்தேன்.

புத்தகம் அச்சேறும் முன்பே குப்பத்துத் தலைவர் என்னைப் போனில் திட்டினார். அத்தியாயத்தை வரிவரியாகச் சொல்லித் திட்டினார். கைப்பிரதி என்னையும் ஏகாம்பரத்தையும் தவிர யாரிடமும் இல்லை. “காட்டிக்கொடுத்தீர்களா?” என்று எழுதினேன். பதில் வந்தது: “அம்மையீர், நானே போய்ப் படித்துக் காட்டினேன். யாரைப் பற்றிய புத்தகமோ, அவர் காதில் முதலில் விழவேண்டும். என் வழக்கம்.”

அச்சுப் பிரதி வந்ததும் கைப்பிரதியோடு ஒப்பிட்டேன். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு சொல்கூடக் குறையவில்லை. சந்தேகம் தீராமல் மற்ற அத்தியாயங்களையும் ஒப்பிட்டேன். பிறகுதான் படூருக்கு அனுப்பினேன். “மாத்தலக்கா” என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

பந்தலில் அந்தத் தலைவர் மாலையோடு நின்றிருந்தார்.

“இன்னாம்மா, நீதான எழுதினது?”

“நான்தான். இவரை ஏன் ஊருக்குள்ள விட்டீங்க?”

“வுடாம? வலையாண்ட குந்திக்கினு படிக்கிறாரு. நான் கத்திகினே கீறேன், அவரு படிச்சிகினே கீறாரு. என் வூட்லயே மீன் கொயம்பு துன்னுட்டு நல்லா கீதுன்னாரு. ஒரு எழுத்து எடுத்தாரா, கேளு!”

“எடுக்கலை.”

“எடுக்கல. ஆனா மூஞ்சிக்கு நேரா சொன்ன ஆளு இவரு ஒருத்தருதான்.” மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பினார். “அடுத்த புக்குலயும் நான் வர்றனாமே?”

“யார் சொன்னது?”

அவர் மோவாயால் ஏகாம்பரத்தைக் காட்டினார்.

“இனிமே யாரு வந்து படிப்பா?” என்று அவரே கேட்டார்.

ஏகாம்பரத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வழக்கத்தைத்தான். புதிய கைப்பிரதியோடு அடுத்த வாரம் குப்பத்துக்குப் போகிறேன். மீன் குழம்பு உண்டு என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அவர் முதலில் ஒரு வாய் சாப்பிடட்டும்.