இரண்டு கட்டு அழைப்பிதழ்

மந்தைவெளியில் உள்ள என் அச்சுக்கடைக்கு அந்த அம்மா நோன்பு திறப்பு அழைப்பிதழ் அடிக்க வந்தார். தலையில் முக்காடு. ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துத்தான் படிப்பார். அவர் குடியிருப்புக்காரர்கள் இருவர் கூட வந்திருந்தார்கள். உருது பேசுகிறவர் ஆங்கிலத்தில் 'ரம்ஜான்' என்று போடச் சொன்னார். துபாயிலிருந்து திரும்பியவர் 'ரமதான்' என்றார்.

"உருதுக்காரங்களுக்கு மார்க்கமே அவங்க வீட்டுச் சொத்துன்னு நெனப்பு" என்றார் துபாய்க்காரர்.

"ரெண்டு வருஷம் அங்க இருந்துட்டா அரபி ஆயிடுவீங்களா?" என்று மற்றவர் எகிறினார்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "தம்பி, ரெண்டையும் பாதிப் பாதி அடிச்சிடு."

அடித்துக் கொடுத்ததும் இரு கட்டுகளையும் பிரித்து, சீட்டுக்கட்டைப் போல ஒன்றாகக் கலைத்து, ஆளுக்குப் பாதி கையில் வைத்தார். "பொறுக்கி எடுத்துக் குடுக்கக் கூடாது. மேல எது வருதோ அதைக் குடுத்துக்கினே போங்க."

இருவரும் வாங்கிக்கொண்டார்கள். நான்தான் சும்மா இருக்காமல், "நீங்க எப்படிம்மா எழுதுவீங்க?" என்றேன்.

"இன்னாத்துக்குக் கேக்குற? என்னை எந்தக் கட்டுல சேக்கலாம்னு பாக்குறியா?"

உண்மையில் அதற்காகத்தான் கேட்டேன். தலை குனிந்து நின்றேன். அம்மா ஒரு கட்டின் மேலிருந்த அழைப்பிதழை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஞாயித்துக்கெழம வந்துடு."