நின்றுபோன டிராமில் ஒரு மேலாளர்

துபாயில் ஒரு மதியம், மின்சாரம் போய் எங்கள் டிராம் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. ஏசியும் இல்லை. கட்டட வேலைக்குப் போகும் ஒருவர் கதவைக் குத்தத் தொடங்கினார்.

"தொறங்க சார், மூச்சு முட்டுது!"

எங்களோடு வந்த டிராம் மேலாளர், ஒல்லியான வழுக்கைத் தலைக்காரர், டையை நீவியபடியே அவரை நெருங்கினார்.

"தண்டவாளத்துல எப்ப வேணாலும் கரண்டு வந்துரும், எறங்குனா ஆபத்து தம்பி. நானும் உள்ளதான இருக்கேன். என் கையப் பிடிச்சுக்க."

வண்டி கிளம்பும்வரை மேலாளர் அந்தக் கையை விடவில்லை. அடுத்த நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினோம். மேலாளர் கடைசியாக, தள்ளாடி இறங்கினார்.

"என்ன சார் ஆச்சு?" என்றேன்.

"அடச்ச எடம்னா சின்னதுலேருந்தே எனக்குப் பயம்லா."

"பிறகு ஏன் இந்த வேலை?"

"இதுக்குத்தான விசா கெடச்சுது. புள்ளைங்க படிப்பு இருக்கு."

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். டியூட்டி முடியவில்லை என்று சொல்லி, எதிரே வந்த டிராமில் ஏறினார்.