செபமாலை அண்ணைக்கு நான் சொல்லாத சாட்சி

செய்தி வந்தபோது நான் வேலையிடத்து உடை மாற்றும் அறையில் தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டிருந்தேன். கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்துப் புரொண்பியிலிருந்து செபமாலை அண்ணையின் மருமகள், அவருடைய தங்கையின் மகள், அழைத்திருந்தாள். "அன்ரி, மாமா காலமை மோசம் போயிட்டார்" என்றாள். பிறகு, "பெக்ராவெல்ஸ வெள்ளிக்கிழமை" என்றாள். இங்கே, டென்மார்க்கில் பிறந்த பிள்ளை. அடக்கம் என்ற சொல் அவளுக்கு வரவில்லை. நான் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு என் இயந்திரத்துக்குப் போனேன். பிளாஸ்டிக் மூடிகளைக் கொட்டும் அந்த இயந்திரத்தைப் பதினெட்டு வருடம் பழுதில்லாமல் ஓட வைத்தவர் அவர்தான்.

அடக்கத்துக்கு நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். கோயிலில் இடம் போதாமல் சிலர் வாசலில் நின்றீர்கள். "நல்ல மனுசன், ஒரு சோலிசுரட்டுக்கும் போகாதவர்" என்று சொல்லக் கேட்டேன். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டபோது, "நல்ல விசயங்களா எழுதுங்கோ அக்கா" என்றும் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் அவரைப் பற்றிய நல்ல விசயத்தை எழுதப்போனால் நம்மைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

மன்னாரில் வள்ளத்து எஞ்சின் திருத்தியவர் அவர். பிரெடெரிசியாவுக்குப் பக்கத்தில் எங்கள் சிறு நகரத்துக்கு வந்த பிறகு தொழிற்சாலையின் பராமரிப்புப் பகுதியில் சேர்ந்தார். மனைவி ஊரிலேயே இறந்துவிட்டா. ஒரே மகள் ரெஜினா வன்னியில் கலியாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளோடு அங்கேயே இருந்தாள். கூப்பிட்டபோதெல்லாம், "பிறகு பாப்பம் அப்பா" என்றாளாம்.

அவரைத் துப்பாக்கி சுடும் கழகத்துக்கு முதலில் கூட்டிப்போனவர் எங்களோடு வேலை செய்த பவுல் என்ற டேனிஷ்காரர். "எங்கட சபையில சின்னப்பர், உங்கட சபையில பவுல். ஆரெண்டாலும் நல்ல மனுசன்" என்று அண்ணை என்னிடம் பகிடி விட்டார். அவர் கத்தோலிக்கர், நான் பெந்தெகொஸ்தே சபை; ஒரே புனிதருக்கு இரண்டு இடத்திலும் வேறு வேறு பேர். சில வருடங்கள் கழகத்துத் துப்பாக்கிகளால் சுட்டுப் பழகிய பிறகு, சொந்தமாக ஒன்று வாங்க அனுமதி கேட்டார். என் டேனிஷ் கொஞ்சம் நல்லது என்பதால் படிவத்தை நான்தான் நிரப்பினேன். என்ன நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "கைக்கு ஒரு வேலை எண்டு எழுதும்" என்றார். நான் விளையாட்டு என்று எழுதினேன்.

அது ஒரு சின்ன ரிவோல்வர். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்த ஒன்றைப் பார்த்து, இப்போது இத்தாலியில் அச்சொட்டாகச் செய்கிறார்களாம். தோட்டா போடுகிற வகை இல்லை. உருளையில் இருக்கும் ஐந்து அறைகளையும் சுடுகிறவரே ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். படுக்கையறைச் சுவரில் திருகிப் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்தார். சாவி கழுத்தில், செபமாலையோடு சேர்ந்து தொங்கியது.

ஒரு சனிக்கிழமை அவருடைய கார் திருத்த விட்டிருந்ததால் நான் கழகத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். அன்றுதான் அவர் நிரப்புவதைப் பார்த்தேன். கரிமருந்தை அளந்து ஒரு அறைக்குள் கொட்டினார். அதன் மேல் பட்டாணி அளவு ஈயக் குண்டை வைத்து, குழலுக்குக் கீழே இருந்த நெம்புகோலை இழுத்து அமுக்கினார். குண்டின் விளிம்பிலிருந்து மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவிக்கொண்டு விழுந்தது. "இது விழுந்தால்தான் இறுக்கமா இருக்கெண்டு அர்த்தம்" என்றார். குண்டுகளின் மேல் கொழுப்பைத் தடவினார், ஒன்றின் நெருப்பு மற்றதற்குத் தாவாமல் இருக்க. கடைசியாக, பின்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு செப்புத் தொப்பி; அதில் துப்பாக்கியின் சுத்தி அடித்தால்தான் மருந்தில் நெருப்புப் பிடிக்கும். ஐந்தையும் நிரப்பக் கால் மணித்தியாலம் எடுத்தது.

"இவ்வளவு பாடுபட்டு அஞ்சு வெடியோ அண்ணை?"

"ஆருக்காவது கோபத்தில சுடவேணுமெண்டால் இது சரிவராது பிள்ளை. நிரப்பி முடியிறதுக்குள்ள அந்தாள் பஸ் ஏறிப் போயிடும்."

என்னையும் ஒன்று சுட வைத்தார். நான் நினைத்த அளவு உதைக்கவில்லை. வெள்ளைப் புகை முகத்தை மூடி, கந்தக நாற்றம் தொண்டையில் இறங்கியது. புகை விலகியபோது குறித்தாளின் மேல் விளிம்புக்கு வெளியே ஒரு ஓட்டை. "இந்தச் சாமான் எப்பவும் உயரத்தான் அடிக்கும். கீழ பிடிக்கவேணும்" என்று சிரித்தார். சுட்டு முடிந்ததும் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு ஒவ்வொரு பாகமாகக் கழுவித் துடைத்தார். அன்று அவர் முகத்தில் இருந்த அமைதியை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

அடுத்த வருடம், 2009 மாசியில், வன்னியில் போர் முற்றியிருந்தபோது ரெஜினாவின் கடைசி அழைப்பு வந்தது. பதுங்குகுழிக்குள் இருக்கிறோம், பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்றாளாம். பிறகு தொடர்பில்லை. அந்த மாதங்களில் நாம் எப்படி இருந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். கொப்பன்ஹேகனில் ஊர்வலம் என்றால் பஸ் பிடித்துப் போனோம். அண்ணையும் வந்தார், குளிருக்குள் பதாகை பிடித்து நின்றார். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் கழகத்துக்குப் போவதை மட்டும் அவர் விடவில்லை.

சித்திரையில் பாடசாலை மண்டபத்தில் கூடினோம். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பி, "அங்க சனம் வெடிபட்டுச் சாகுது. இஞ்ச ஒராள் வெள்ளையளோட சேந்து வெடி வைச்சு விளையாடுறார்" என்றார்.

அண்ணை எழும்பினார். "என்ர பிள்ளையும் அங்கதான் நிக்குது."

"அப்ப எப்பிடி உங்களுக்கு மனம் வருது?"

"வீட்டில இருந்தா டெலிபோனைப் பாத்துக்கொண்டே இருப்பன். அங்க போனா ரெண்டு மணித்தியாலத்துக்குக் கை நடுங்காமல் வைச்சிருக்க வேணும். அதுக்குத்தான் போறன்."

சொல்லிவிட்டு இருந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. குரலைக்கூட உயர்த்தவில்லை. மண்டபத்தில் எண்பது பேராவது இருந்திருப்போம்.

அடுத்த கிழமை ஒரு மத்தியானம் இரண்டு பொலிஸ்காரர் அவருடைய வீட்டுக்கு வந்தார்கள். போரில் குடும்பத்தைப் பறிகொடுத்த ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கிறார், கூட்டத்தில் ஆட்களைச் சுடுவேன் என்று மிரட்டினார் என்று யாரோ தொலைபேசியில் சொன்னார்களாம். பேர் சொல்லவில்லையாம். அந்த யாரோ யாரென்று எனக்குத் தெரியும், உங்களில் பலருக்கும் தெரியும். அடக்கத்தன்று பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவரும் ஒருவர்.

அண்ணை கழுத்திலிருந்த சாவியைக் கழற்றிக் கொடுத்தார். பவுல் அவருக்காக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர் வந்து நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும் என்றார்கள் பொலிஸில். சாப்பாட்டு இடைவேளையில் அண்ணை என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, நீர் அண்டைக்கு மண்டபத்தில இருந்தனீர்தானே. நான் ஆரையும் வெருட்டினனானோ?"

"இல்லை அண்ணை."

"அதை மட்டும் வந்து சொன்னாக் காணும். வியாழக்கிழமை பத்து மணிக்கு."

"ஓம் அண்ணை, வாறன்."

புதன்கிழமை நான் வேலையால் வந்தபோது, நம்மவர் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து என் கணவரோடு கதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். "இந்த நேரத்தில பொலிசுக்குப் போய் எங்கட ஆக்களைப் பற்றிக் கதைக்கிறதோ? நாளைக்கு எங்கட நல்லது கெட்டதுக்கு ஆர் வருவினம்?" என்றார் கணவர். போகாதே என்று சொல்லவில்லை. பழியை அவர் மேல் போட எனக்கு வழியில்லை. வியாழக்கிழமை நான் லீவு போட்டிருந்தேன். குசினியில் நின்று லீக்ஸ் வெட்டினேன். பத்து மணிக்குப் பிறகு தொலைபேசி இரண்டு தரம் அடித்தது. அண்ணையின் இலக்கம். நான் எடுக்கவில்லை.

அவர் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு கடிதத்தை மட்டும் கொண்டுவந்து தந்தார். அவருக்கு வரும் டேனிஷ் கடிதங்களை எல்லாம் நான்தானே வாசித்துச் சொல்வேன். தற்போதைய மனநிலையைக் கருத்தில் கொண்டு அனுமதி மீளப்பெறப்படுகிறது, ஆயுதம் அழிக்கப்படும் என்று இருந்தது. அதை நானே என் வாயால் அவருக்குத் தமிழில் சொன்னேன்.

"மனநிலை எண்டா, எனக்கு விசரெண்டோ?"

"அப்பிடியில்லை அண்ணை…"

"சரி" என்று கடிதத்தை மடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அது வைகாசி. அந்தக் கிழமைதான் அங்கே போர் முடிந்தது. முகாம்களிலிருந்து வந்த பேர்ப் பட்டியல்கள் எல்லாவற்றிலும் தேடினார். ரெஜினாவோ கணவரோ பிள்ளைகளோ எதிலும் இல்லை. எழுதாத இடமில்லை. ஒரு வரி பதில் வராமலே போய்ச் சேர்ந்துவிட்டார். நோய் வரும்வரை கழகத்துக்கு மட்டும் தொடர்ந்து போனார். மற்றவர்கள் சுட, அவர் குறித்தாள்களை மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தார் என்று பவுல் சொன்னார். அதை அவர் சொன்னது அடக்கத்தன்று, கோயில் வாசலில். நம்மில் ஒருவர்கூட பவுலை உள்ளே வந்து இருக்கச் சொல்லவில்லை.

போன புரட்டாதியில் அண்ணைக்குக் கடுமை என்று கேள்விப்பட்டு ரயில் ஏறினேன். புரொண்பியில் தங்கை வீட்டோடு இருந்துகொண்டு சிகிச்சைக்குப் போய்வந்தவரை ஆஸ்பத்திரியிலேயே மறித்துப் படுக்க வைத்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன்.

"அண்ணை, அண்டைக்கு நான் பயத்தில வராமல் விட்டிட்டன்."

"தெரியும். உமக்குக் காய்ச்சல் எண்டு பொலிசிட்டச் சொன்னனான். வேற திகதி தந்தவை."

"எனக்கு நீங்கள் சொல்லேல்லையே."

"ரெண்டாந்தரமும் வராமல் விட்டீரெண்டா பிறகு நான் உம்மோட எப்பிடிக் கதைக்கிறது? தனியப் போனன்."

நான் அழுதேன். "என்னை மன்னிச்சுப்போட்டீங்களோ அண்ணை?"



"இல்லைப் பிள்ளை" என்றார். பிறகு கதிரையைக் காட்டி, "ரயிலுக்கு இன்னும் நேரமிருக்குத்தானே. இரும்" என்றார்.

நான் இருந்தேன். தொழிற்சாலையில் எந்த இயந்திரம் இப்போது மோசம் என்று கேட்டார், சொன்னேன். பொறுப்பாய் விசாரித்தார். தேத்தண்ணி வந்தபோது தன்னுடைய பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார்.

சபையில் கேட்டேன், மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்றார்கள். கணவர் பழசை விடச் சொல்கிறார். நீங்கள் நல்ல விசயம் எழுதச் சொல்கிறீர்கள். செபமாலை அண்ணை ஒருவர்தான் எனக்கு உள்ளதைச் சொன்னவர். அவர் தந்தது என்று என்னிடம் இருப்பது அந்த 'இல்லை'. அதை நான் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் ஒவ்வொன்று வைத்திருந்தார். நீங்கள் ஒருவரும் கேட்கப் போகவில்லை.