திட்டு வாங்காத அம்பயர்

டெல்மஸ் ட்ராஹானைக் குருடன் என்று திட்டாத ஆள் பெல் ஆன்ஸ் ஊரில் பாதிரியார் ஒருவர்தான். அவரும் வாய்க்குள் முணுமுணுப்பார் என்று கேள்வி. வாரநாளில் டெல்மஸ் வீடு வீடாகப் போய் கேஸ் தொட்டி நிரப்பும் லாரி ஓட்டுவார். சனிக்கிழமையானால் கல்லூரி மைதானத்தில் பேஸ்பால் அம்பயர். சனிக்கிழமை அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டிய அதே வாய் திங்கட்கிழமை, "வாங்க டெல்மஸ், ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடும். இருபத்தாறு வருடமாக இப்படித்தான். அது இல்லாவிட்டால் அவருக்கும் சாப்பாடு இறங்காது.

திட்டுகிறவர்களுக்குத் தலைவி மிஸ் ஒடீல். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அறுபது பிள்ளைகளின் கூச்சலை ஒற்றைத் தொண்டையால் அடக்கிப் பழகியவருக்கு மைக் எதற்கு? முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "யோவ் டெல்மஸ், கேஸ் மீட்டரையாவது ஒழுங்காப் பாக்குறியா, இல்ல அதுவும் குத்துமதிப்புதானா?" என்று ஆரம்பித்தால் ஒன்பது இன்னிங்ஸும் அந்த வாய் மூடாது.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுநாயகம் கோச் ஆர்சனோ. முப்பது வருடம் அந்தக் கல்லூரி அணியைக் கட்டி மேய்த்தவர். ஆட்டக்காரர்களின் கொட்டகையில் வெள்ளை பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவார். தீர்ப்பு தனக்கு எதிராக வந்ததோ, தொலைந்தது. தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டு பாய்ந்து வந்து, டெல்மஸின் மூக்கோடு மூக்கு இடிக்க நின்று கத்துவார். மண்ணை எட்டி உதைப்பார். கூட்டத்துக்கு வெறி பிடித்துவிடும். கடைசியில் டெல்மஸ் கையை வீசி, "வெளியே!" என்பார். கோச் போய் வேலிக்கு வெளியே நிற்கும் தன் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்வார். அதற்கப்புறம் பையன்கள் ஆடுவார்களே ஓர் ஆட்டம்! இப்படி இருபத்திரண்டு தடவை. ஒவ்வொன்றும் ஊருக்கு மனப்பாடம்.

ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மூக்கோடு மூக்கு நின்று கோச் கத்தியதெல்லாம் இதுதான்:

"வீட்ல ரூபிக்கு முழங்கால் எப்படிய்யா இருக்கு?"

"பரவால்ல கோச். மாடிப்படி மட்டும் ஏற முடியல."

"ஏற விடாதே! ஏற விடவே விடாதே!" என்று கையை ஆட்டி மண்ணை உதைப்பார். "சரி, இப்ப என்னைத் தொரத்து. பசங்க தூங்குறானுங்க. நல்லா கையை வீசித் தொரத்து, போன தடவை சப்புன்னு இருந்துச்சு."

இருபத்திரண்டில் மூன்றோ நான்கோதான் நிஜச் சண்டை. மற்றதெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்ட தண்டனை. போன மாதம் நடந்த இருபத்திரண்டாவதும் அப்படித்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டே போய் வண்டியில் ஏறிய மனிதர், நாலாம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஊர் அழுதது. அழுது முடித்ததும் கோபப்பட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"கடைசி ஆட்டத்தைக்கூட மனுஷனை முழுசாப் பாக்க விடல, பாவி" என்றார் மிஸ் ஒடீல். "இனிமே அந்தாளை யாரும் திட்டக் கூடாது. ஒரு வார்த்தை கூடாது. நம்ம வாயால திட்டு வாங்குற யோக்கியதை அந்தாளுக்கு இல்ல."

அவ்வளவுதான். மைதானத்துக்கு வெளியே தொத்திறைச்சி சுட்டு விற்கும் குளோவிஸ், கேஸ் நிரப்பியதற்கான சீட்டில் முகம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். காப்பி போயிற்று. திட்டும் போயிற்று.

"போய் உண்மையைச் சொல்லித் தொலையேன்" என்றாள் மனைவி ரூபி. "அவர்தான் தொரத்தச் சொன்னாருன்னு சொல்லு. உனக்கு என்ன தலையெழுத்தா?"

"சொல்லி? அந்தாளு தங்களுக்காக நெஞ்சைப் பிச்சுக்கிட்டு சண்டை போட்டாருன்னு ஊரே நம்பிட்டிருக்கு. அவரே இல்ல இப்ப. மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் நான் போய்ப் பிடுங்கவா?"

ரூபி அடுப்புப் பக்கம் திரும்பினாள். சூப்பைக் கொஞ்சம் வேகமாகக் கிளறினாள்.

ஏப்ரலில் கோச் நினைவாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். அம்பயர் டெல்மஸ்தான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று காலையில்கூட நினைத்தார். மனது கேட்கவில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் மைக்கை ரசிகர்களிடம் கொடுத்தார்கள். குளோவிஸ் முதலில் வந்தான். "கோச் தினமும் என் அடுப்புகிட்ட வந்து ஒரு துண்டு தின்னுட்டு, 'உப்பு பத்தல'ம்பார். அப்புறம் இன்னும் ரெண்டு துண்டு தின்னுட்டு, 'இப்ப சரியாயிடுச்சு'ம்பார்" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு மிஸ் ஒடீல். "மழையில என் பஸ்ஸு சேத்துல மாட்டிக்கிச்சு. உள்ள நாப்பது புள்ளைங்க. இந்த மனுஷன் பயிற்சியை நிறுத்திட்டு மொத்த டீமையும் கூட்டிட்டு வந்து தள்ளினாரு. தள்ளி முடிச்சிட்டு, 'இன்னிக்குப் பயிற்சி இதுதான், வீட்டுக்குப் போங்கடா'ன்னாரு" என்றவருக்கு அதற்குமேல் குரல் வரவில்லை. அந்தத் தொண்டையும் அடைக்கும் என்பதை ஊர் அன்றுதான் பார்த்தது.

கொட்டகையில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் கோச்சின் ஒன்பதாம் எண் சட்டையைப் போர்த்தி, தொப்பியையும் வைத்திருந்தார்கள். அவர் வண்டியையும் வேலிக்கு வெளியே பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். உதவிக் கோச்சாக இருந்து இப்போது பொறுப்பேற்ற பிரென்ட், அதன் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

ஆட்டம் ஆரம்பித்தது. ஆயிரத்து நானூறு பேர் இருந்தும் டெல்மஸின் தீர்ப்புக்கு ஒரு முனகல் இல்லை. அவருக்கே சந்தேகமாக இருந்த தீர்ப்புக்குக்கூட மூச்சு விடவில்லை. வேறொரு அம்பயராக இருந்தால் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றியிருப்பான். டெல்மஸ் ஒவ்வொரு தீர்ப்புக்கும் முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பையன்களும் துக்க வீட்டில் ஆடுவது போலத்தான் ஆடினார்கள். ஏழாவது இன்னிங்ஸில் எதிரணிக்கு நான்கு ரன், பெல் ஆன்ஸுக்கு முட்டை.

அப்போது பெல் ஆன்ஸ் பையன் ஒருவனுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே ஒரு பந்து வந்தது. அடிக்காமல் விட்டான்; அவ்வளவு கீழே வரும் பந்தை விட்டால் தப்பில்லை. டெல்மஸ் அவுட் கொடுத்தார். சரியான தீர்ப்பா என்றால், சத்தியம் செய்ய அவரே தயாராக இல்லை. பையன் ஒரு பார்வை பார்த்துவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போனான். பிரென்ட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிஸ் ஒடீல் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பசங்க தூங்குறானுங்க என்று டெல்மஸுக்குத் தோன்றியது.

அடுத்து அவர் செய்யப்போவது லீக் ஆபீசுக்குத் தெரிந்தால் அடுத்த வருடம் வேலை கிடையாது. தெரிந்துதான் செய்தார். முகமூடியைக் கழற்றினார். நேரே கொட்டகைக்கு நடந்தார். வாளியின் முன்னால் போய் நின்றார்.

"என்ன சொன்னீங்க?" என்று கத்தினார்.

மைதானமே திரும்பிப் பார்த்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க பாப்போம்! என் கண்ணையா சொல்றீங்க? இருபத்தாறு வருஷமா இதே பாட்டு! போதும் கோச்!" மண்ணை ஓங்கி உதைத்தார். தோள் கழன்று விழும்படி கையை வீசினார். "வெளியே!"

ஆயிரத்து நானூறு வாயும் திறந்தபடி நின்றன.

மிஸ் ஒடீல் எழுந்தார். "அடப் பாவி மனுஷா! செத்தவரைக்கூட விட மாட்டியா நீ!"

கட்டியிருந்த அணை உடைந்தது. ஒரு மாதமாகத் தொண்டையில் அடக்கி வைத்திருந்த அத்தனை திட்டும் ஒரே மூச்சில் வந்தது. குருடன், கேஸ் திருடன், எருமை, அவன் லாரி பஞ்சராகப் போக! குளோவிஸ் தொத்திறைச்சி ஒன்றை வீசி எறிந்தான். அழுதுகொண்டே திட்டினார்கள், சிரித்துக்கொண்டே திட்டினார்கள். பிரென்ட் தொப்பியைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு ஓடி வந்து மூக்கோடு மூக்கு நின்றான்.

"உங்களுக்கு என்ன மூளை கலங்கிப் போச்சா?"

"உங்க அம்மா எப்படிப்பா இருக்காங்க?" என்றார் டெல்மஸ், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

பிரென்ட் ஒரு கணம் விழித்தான். கோச் துரத்தப்பட்ட அத்தனை ஆட்டங்களும் அவன் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். பிறகு விரலை நீட்டிக் கர்ஜித்தான். "நல்லா இருக்காங்க சார்! உங்களைக் கேட்டாங்க!"

இரண்டு பையன்கள் வாளியைச் சட்டையோடும் தொப்பியோடும் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே கோச்சின் வண்டியில் வைத்தார்கள். கூட்டம் எழுந்து நின்று வழியனுப்பியது.

அதற்கப்புறம் ஆடினார்களே! அந்த இன்னிங்ஸில் இரண்டு ரன். எட்டாவதில் ஒன்று. ஒன்பதாவதில், மூன்று மணி நேரமாக ஒரு பந்தைத் தொடாத பையன் வலதுபக்க வேலியில் போய் இடிக்கிற மாதிரி ஒன்று விளாசினான். இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள். ஐந்துக்கு நான்கு. அம்பயர் தீர்ப்புச் சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். குளோவிஸ் முன்பின் தெரியாத ஒருவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான்.

டெல்மஸ் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, குனிந்த தலையோடு முதல் வரிசையைத் தாண்டிப் போனார். கன்னம் நனைந்திருந்தது. யார் கண்ணிலும் படாமல் லாரியில் ஏறிவிட வேண்டும் என்று வேகமாக நடந்தார்.

மிஸ் ஒடீல் கண்ணுக்கு எது தப்பும்? கம்பிமேல் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

"யோவ் குருடா! கண்ணைத் தொடைச்சுக்கிட்டு நட! அடுத்த சனிக்கிழமை திட்டுறதுக்கு நீ முழுசா வேணும்!"